மோகனத்தில் கற்பனை ஸ்வரம்: எடுப்புக்குச் சரியாக வந்து சேர

வர்ணமும் நாலைந்து கீர்த்தனையும் சுத்தமாகப் பாடுகிற பிள்ளைகூட, "ரெண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம் பாடு மக்கா" என்றால் வாயடைத்துப் போகும். கற்பனை ஸ்வரம், அதாவது பாட்டின் நடுவே அந்த நேரத்திலேயே ஸ்வரங்களைக் கோத்துப் பாடி, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குத் திரும்புவது, பரம்பரையில் வர வேண்டும் என்ற பழைய பேச்சு பாதிக் காரணம். இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் விவரம் தெரியும் முன்பே கேட்டுக் கேட்டுக் கணக்கைக் காதில் வாங்கிவிட்டார்கள். அதனால் யாரும் அதை விளக்கிச் சொல்லவில்லை. பிந்தி வருகிறவர்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிந்தி வந்தவர்களே அதிகம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, சுசீந்திரம் கோயிலுக்குள் ஒலித்த நாகஸ்வரத்தை மதிலுக்கு வெளியே நின்று மட்டுமே கேட்க வேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

மோகன ராகத்தில் தொடங்குங்கள். அது ஹரிகாம்போதி என்ற தாய் ராகத்தின் (28ஆவது மேளம்) ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்தது. ஸட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம் என ஐந்தே ஸ்வரம். மத்யமமும் நிஷாதமும் இல்லை. பெண் குரலுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டைச் சுருதி, ஆண் குரலுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை பொதுவாக ஒத்துவரும். குரல் உடையும் வயதுப் பையனை மேல் ஸட்ஜத்துக்கு மேலே இழுக்க வேண்டாம். கைபேசித் தம்பூரா போதும், ஆனால் அதை அணைக்கவே கூடாது. சுருதி இல்லாமல் பஞ்சமத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், காது அதையே ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும். மோகனம் நமக்குத் தெரியாமலே சுத்தசாவேரி என்ற வேறு ராகமாகிவிடும். ரிஷபத்தில் அப்படி நின்றால் மத்யமாவதி.

முதல் இரண்டு வாரம் தாளம் வேண்டாம். மோகன வர்ணத்தின் முக்தாயி ஸ்வரத்திலிருந்தும் எத்துக்கடை ஸ்வரங்களிலிருந்தும் (வர்ணத்தின் முற்பகுதியிலும் பிற்பகுதியிலும் வரும் ஸ்வரக் கோவைகள்) நாலு நாலு எழுத்தாகப் பத்துப் பிடிகளை (சிறு ஸ்வரத் தொடர்களை) உருவி எடுங்கள்: கபதஸ, தபகரி, கரிஸத, பகரிஸ இப்படி. ஒவ்வொன்றையும் முதலில் 'ஆ' என்று அகாரமாகவும் பிறகு ஸ்வரமாகவும் பாட வேண்டும். தேவாலயத்தில் ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுருதி பிசகாது. ஆனால் ஸ்வரங்கள் கட்டையை அமுக்கியதுபோல நேராக விழும். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் அசைவு கொடுக்க அகாரப் பயிற்சியே மருந்து.

இனி கணக்கு. ஆதி தாளம் எட்டு அடி: தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அடிக்கு நாலு மாத்திரை, ஆகமொத்தம் 32. முதல் நாலு அடியை ஸர்வலகுவாக (அடியோடு ஒட்டி நேராக ஓடும் நடையில்) ஓடவிடுங்கள்: கரிகப, தபகரி, ஸரிகப, கபதப. ஐந்தாவது அடியில், அதாவது இரண்டாவது தட்டில், முடிவு தொடங்குகிறது. 'தபகரி' மூன்று தரம், நடுவில் இரண்டு கார்வை (நீட்டி நிற்கும் இடைவெளி). நாலு மூன்று பன்னிரண்டு. மீதியைக் கார்வைகள் பங்கிட்டுக்கொள்ளும்.

பாட்டு சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே, எடுத்தால் எடுப்பு வரை மிச்சம் 16 மாத்திரை. கார்வை இரண்டிரண்டு:

தபகரி , , தபகரி , , தபகரி

அரை இடத்தில், அதாவது அரை அடி தள்ளி, எடுத்தால் 18, கார்வை மும்மூன்று. ஒன்றரை இடம் என்றால் 22, கார்வை ஐந்தைந்து. பிடி மாறவில்லை, இடைவெளிதான் மாறுகிறது. இது ஒன்று புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கார்வை என்றால் வாயை மூடுவதில்லை; ரிஷபத்தையே நீட்டி நிற்கலாம். ரிஷபத்தில் முடிப்பது, அடி ஸட்ஜத்திலோ காந்தாரத்திலோ தொடங்கும் பாட்டுக்குப் பொருந்தும். பஞ்சமத்தில் தொடங்கினால் மேல் ஸட்ஜத்திலிருந்து 'ஸதபக' என்று இறங்கி காந்தாரத்தில் விடுங்கள். எடுப்பு ஸ்வரத்துக்குப் பக்கத்து வீட்டில் முடிய வேண்டும். தூரத்திலிருந்து குதித்தால் கணக்கு சரியாக இருந்தாலும் காதுக்கு இடிக்கும்.

இருவர் இருவராகப் பழகுவது நல்லது. நம் ஊர்க் கொடைவிழா வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் எப்படித் தலைமைப் பாட்டுக்காரரின் அடியைச் சட்டென வாங்கித் திருப்பிச் சொல்கிறாரோ, அப்படி. ஒருவர் அரை ஆவர்த்தனம் பாட, மற்றவர் அதையே திருப்பிப் பாடுவார். பத்து நாள் கழித்து, திருப்பும்போது ஒரே ஒரு பிடியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மனோதர்மம் (சொந்தக் கற்பனை) முளைப்பது அந்த ஒரு பிடியில்தான்.

வழக்கமாகக் கெடுவது மூன்று இடங்களில். ஆரோகணம் அவரோகணத்தை ஏணி மாதிரி ஏறி இறங்குவது. அதற்கு ஒரு வாரம் தைவதத்துக்கு மேலே போகாமல் பாடச் சொன்னால் போதும். தாளம் போடும் கை ஸ்வரத்தோடு சேர்ந்து ஓடுவது. பாடுகிறவருக்கு இன்னொருவர் தாளம் போடட்டும். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வதுதான் மூன்றிலும் மோசம். மேடையில் ஓர் எழுத்து மறந்தால் மொத்தமும் சரியும். முடிவை மட்டும் எழுதிக்கொள்ளலாம், அதற்கு முந்திய நாலு அடியை ஒருபோதும் எழுதாதீர்கள்.

மோகனம் கைக்கு வந்த பிறகு நவராத்திரி ராகங்களுக்குப் போகலாம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் சேர்ந்ததும், அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கிருதிகள் பாடப்படும். ஏழாம் நாள் சுத்தசாவேரி, ஒன்பதாம் நாள் ஆரபி. மோகனத்துக்கு அடுத்த படி சுத்தசாவேரிதான். அதிலும் ஐந்தே ஸ்வரம். அந்த மண்டபத்தில் 2006இல்தான் முதன்முதலாக ஒரு பெண் பாடினார்: களியக்காவிளைக்கு அடுத்த பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டுச் சுத்தசாவேரியை ஆரம்பியுங்கள்.

முதல் மேடைக்கு ஒரு ஆவர்த்தனம் நாலு சுற்று, இரண்டு ஆவர்த்தனம் இரண்டு சுற்று போதும். வயலின்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் எடுப்பு எந்த இடம் என்பதை மேடை ஏறுமுன் சொல்லிவிடுங்கள். நடுவில் கணக்கு தவறினால் புது முடிவு தேடாதீர்கள்; ஸர்வலகுவிலேயே ஓடி, அடுத்த ஆவர்த்தனத்தின் இரண்டாவது தட்டு வரும்வரை காத்திருங்கள்.