கவர்டெல் மானியம்: எழுத உட்காரும் முன் பதிவேட்டைத் திறங்கள்

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கவுன்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) கொரோனர் அலுவலகத்துக்கு, அதாவது சந்தேக மரணங்களின் காரணத்தைக் கண்டறியும் அலுவலகத்துக்கு, மானிய விண்ணப்பம் எழுதுவது என் வேலை. அமெரிக்காவில் இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் கவர்டெல் மானியத்துக்கு எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

ஜார்ஜியா செனட்டர் பால் கவர்டெல் 2000-இல் காலமானார். அதே ஆண்டு வந்த தடயவியல் மேம்பாட்டுச் சட்டத்தின் மானியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இப்போது இதை நடத்துவது மத்திய நீதித்துறையின் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) கீழ் உள்ள பீரோ ஆஃப் ஜஸ்டிஸ் அசிஸ்டன்ஸ். பணத்தில் பெரும்பகுதி மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலங்களுக்குப் போகிறது. மீதிக்குப் போட்டி உண்டு. போட்டிப் பிரிவில் கவுன்டி நேரடியாக விண்ணப்பிக்கலாம். மாநிலப் பங்கில் முடியாது; அதற்கென உள்ள மாநில அமைப்பு வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒஹாயோவில் அது ஆபீஸ் ஆஃப் கிரிமினல் ஜஸ்டிஸ் சர்வீசஸ். உங்கள் மாநிலத்தில் எது என்று விசாரித்து, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் வைக்கும் கெடு மத்திய அரசின் கெடுவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

அடுத்ததுதான் உயிரான வேலை. என்ன கருவி வாங்கலாம் என்று யோசிக்கும் முன், வழக்குப் பதிவேட்டிலிருந்து தேதிகளை எடுங்கள். உடல் வந்த நாள், ரத்த மாதிரி நச்சியல் ஆய்வுக்கு (விஷம், போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது) போன நாள், முடிவு வந்த நாள், மருத்துவர் அறிக்கையில் கையெழுத்திட்ட நாள். இந்த நான்கையும் ஒரு எக்செல் தாளில் போட்டால் தாமதம் எங்கே என்று தானே தெரியும். எல்லாரும் ஆய்வகத்தைத்தான் சந்தேகிப்பார்கள். பல இடங்களில் சிக்கல் மருத்துவர் பற்றாக்குறை. ஒரு தடயவியல் மருத்துவர் ஆண்டுக்கு 250 உடற்கூறாய்வுக்கு மேல் செய்யக் கூடாது என்பது மருத்துவப் பரிசோதகர்களின் தேசியச் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அந்த நாட்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் 'நிலுவையில்' என்று இருக்கும்வரை பல காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருவதில்லை. கணவனை இழந்த பெண் வாரக்கணக்கில் போன் செய்து கேட்டுக்கொண்டிருப்பார். உணர்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. நாம் குறைக்கப் போவது இந்தக் காத்திருப்பைத்தான்; விண்ணப்பம் அதைச் சொல்ல வேண்டும்.

சரி, எதற்குக் கேட்கலாம்? தேங்கிய வழக்குகளை முடிக்க ஆள், கூடுதல் நேரச் சம்பளம், கருவி, பயிற்சி, அலுவலக அங்கீகாரம், மரண விசாரணையாளர்களுக்குச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஃபென்டனைல் போன்ற செயற்கைப் போதைப்பொருள் மரணங்கள் கூடியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மாதிரியில் என்ன மருந்து இருக்கிறது என்று கண்டறியும் கருவி) கேட்பவர்கள் அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தையும், ஒப்பீட்டுக்கு வாங்க வேண்டிய மருந்து மாதிரிகளையும் பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பிறகு கருவி மூடியே கிடக்கும். நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கவுன்டி ஏற்கெனவே கொடுக்கும் பணத்துக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தவும் கூடாது.

விண்ணப்பத்தோடு தர வேண்டிய ஒரு உறுதிமொழியில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள். ஆய்வு முடிவையே பாதிக்கும் கடும் அலட்சியம் அல்லது முறைகேடு பற்றிப் புகார் வந்தால், வெளியிலிருந்து சுதந்திரமாக விசாரிக்க ஒரு அரசு அமைப்பும் அதற்கான நடைமுறையும் இருக்க வேண்டும் என்று 2004-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2008-இல் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் (துறைக்குள் தணிக்கை செய்பவர்) பரிசோதித்தபோது, விண்ணப்பங்களில் காட்டப்பட்ட அமைப்புகள் பலவற்றுக்கு அந்த அதிகாரமோ நடைமுறையோ இல்லை என்று தெரிந்தது. பெயரை எழுதும் முன் அந்த அமைப்பிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தவறான ஆய்வறிக்கையால் ஒருவர் சிறைக்குப் போகலாம். இதை வெறும் படிவமாக நினைக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் இணையதள வேலை. போட்டிப் பிரிவுக்கு முதலில் கிராண்ட்ஸ் டாட் கவ் (மத்திய அரசு மானியங்களுக்கான பொதுத் தளம்), பிறகு ஜஸ்ட்கிராண்ட்ஸ் (நீதித்துறையின் மானியத் தளம்). இரண்டுக்கும் தனித்தனிக் கெடு. மத்திய அரசின் பணம் பெற அவசியமான சாம் டாட் கவ் தளப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

மானியம் கிடைத்த பிறகும் அந்த எக்செல் தாளை மூடாதீர்கள். தொடக்கத்தில் எத்தனை வழக்கு தேங்கியிருந்தது, முடிவில் எத்தனை, சராசரியாக எத்தனை நாள் ஆனது என்பதைத்தான் முன்னேற்ற அறிக்கையில் கேட்பார்கள்.