காத்தாடி ஏன் சாய்கிறது, கப்பல் ஏன் முங்குகிறது: காகிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதத்துக்கு ஒரு போக்கு உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படிந்துவிடுவதால் வருவது அது. போக்கோடு மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் நார் ஒடிந்து பிசிறு தட்டும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, அகலத்தில்தான் ஊதும். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அதனால் இங்கே காகித வேலை கெட்டுப்போனால் கையைக் குறை சொல்லும் முன் போக்கையும் ஈரத்தையும் பாருங்கள்.

போக்கைக் கண்டுபிடிப்பது எளிது. தாளின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் பக்கம்தான் போக்கு. கோணல்மாணலாக ஓடினால் அது குறுக்கு. கிழிக்க மனமில்லையா? இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி ஒரு முகத்தை மட்டும் ஈரப்படுத்துங்கள். துண்டு சுருண்டு குழலாகும். குழலின் நீளம் எந்தத் திசையில் நிற்கிறதோ அதுவே போக்கு.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடும்போது இது உடனே கைகொடுக்கும். பழுப்புத் தாளின் போக்கு புத்தகத்தின் முதுகோடு மேலும் கீழுமாகப் போக வேண்டும். குறுக்கே போட்டால் முதுகு மடிப்பில்தான் முதல் கிழிசல் வரும். இதைவிடப் பெரிய தவறு, புத்தகத்தை விரித்து வைத்து அளவெடுப்பது. விரித்த நிலையில் கச்சிதமாக நிற்கும் தாள், புத்தகத்தை மூடும்போது முதுகைச் சுற்றிவரப் போதாமல் இழுபடும். மூடிய புத்தகத்தில் அளவெடுத்து, பக்கவாட்டில் 6 செ.மீ., மேலும் கீழும் 3 செ.மீ. விட்டு மடியுங்கள். பழுப்புத் தாளைப் புத்தகத்தோடு பசை நாடா போட்டு ஒட்டவும் வேண்டாம். மழை நாளில் தாள் ஊதும். நகர இடமில்லாவிட்டால் அட்டை அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும்.

காத்தாடிக்கு, அதாவது பட்டத்துக்கு, வருவோம். மாஜோங் தாள் வெள்ளையாக, பெரிதாக இருக்கிறதே என்று அதைத்தான் பலர் எடுக்கிறார்கள். அது கனம். நாளிதழ்த் தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம். 40 செ.மீ. சதுரம் வெட்டினால் 7 கிராம்தான் வரும். அதே சதுரம் 80 கிராம் தாளில் 13 கிராம். சிறு காத்தாடிக்கு இந்த வித்தியாசமே பறப்பதையும் பறக்காததையும் தீர்மானிக்கும்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி விழுவது பெரும்பாலும் ஈர்க்கின் குற்றம். தென்னை ஈர்க்கானாலும் செம்பனை ஈர்க்கானாலும் அடி தடித்தும் நுனி மெலிந்தும் இருக்கும். ஒற்றை ஈர்க்கை வில்லாக வளைத்தால் மெலிந்த பக்கம் கூடுதலாக வளைந்து காற்றை விட்டுவிடும். இரண்டு ஈர்க்குகளை அடியும் நுனியும் எதிரெதிராக வைத்து நூலால் சுற்றுங்கள். ஒட்டுவதற்கு முன் நடுப்புள்ளியை விரல்மேல் வைத்துப் பார்த்து, தாழும் பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிடுங்கள். வால் கட்டினால் சாய்வு மட்டுப்படும், ஆனால் வளைவு சரியில்லாத வில்லை வால் முழுசாகக் காப்பாற்றாது. மின்கம்பி இருக்கும் தெருவில் விடவே கூடாது; நனைந்த நூலில் மின்சாரம் பாயும்.

பசையை அள்ளி அப்புவதும் காத்தாடியைக் கெடுக்கும். நாளிதழ்த் தாள் ஈரத்தைக் குடித்து நீண்டு, காயும்போது சுருங்கி வில்லை இழுத்துக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர் போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் கிண்டுங்கள். சூடான தண்ணீரில் நேராகக் கொட்டினால் திரளும். ஆறவைத்து ஓரத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். மாவுப் பசை இருக்கும் இடத்தைக் கரப்பான்பூச்சியும் தேடி வரும். அதைத் தடுக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பொருளில் வேண்டாம். பால்மரத்து (ரப்பர் மரத்து) பால் கிடைத்தால் அதுவும் ஒட்டும், காய்ந்தபின் வளைந்துகொடுக்கும். நாளானால் பழுத்துப் பிசுபிசுக்கும் என்பதால் புத்தகத்துக்கு ஆகாது, ஒரு மாதம் பறக்கும் காத்தாடிக்குத் தாராளம்.

மழை விட்டதும் லோங்காங்கில் (சாக்கடை வாய்க்காலில்) விடும் கப்பலுக்கு விளம்பரத் துண்டறிக்கையின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பளபளப்பு களிமண் பூச்சு. மடிப்பில் அது வெடித்து உள்ளே இருக்கும் நார் தண்ணீரை உறிஞ்சும். பயிற்சிப் புத்தகத் தாளே மேல். முதலில் கப்பலை மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடுகளின் மேல் இருபுறமும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துத் திரும்ப மடியுங்கள். முதலிலேயே மெழுகு தேய்த்தால் மடிக்கும் இடத்தில் அது உதிர்ந்துவிடும். அடிப்பாகத்தை விரித்துத் தட்டையாக்கவும் வேண்டும். கூராக விட்டால் கவிழும்.

பழைய தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்துக் கூடை மெழுகும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. இன்று செய்து பார்ப்பவர்கள் தவறுவது அவசரத்தில். தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். வெந்தயம் தனியாக ஓர் இரவு. பிழிந்த கூழ் பத்துப் பங்குக்கு அரைத்த வெந்தயம் ஒரு பங்கு என்ற கணக்கு சரியாக வரும். அரை செ.மீ.க்கு மேல் தடித்தால் வெளியே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். ஆகவே மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் இரண்டாவது பூச்சு.

அடுப்படியில் ஒரே கண்டிப்பு: வடையையோ பொரித்த வாழைக்காயையோ சுடச்சுட நாளிதழில் வடிக்காதீர்கள். எண்ணெய் அச்சு மையைக் கரைத்து உணவில் ஏற்றும். வாழையிலை போடுங்கள், அல்லது அச்சிடாத தாள். கறிவேப்பிலையைத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்ல யோசனைதான், கழுவிய ஈரத்தோடு சுற்றினால் மட்டும் இரண்டு நாளில் கறுத்துவிடும். நனைந்த பூட்ஸுக்குள் திணிக்கும் நாளிதழை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நாற்றம்தான் மிஞ்சும்.

மறுசுழற்சிக்கு நீலத் தொட்டி காகிதத்துக்கானது. ஆனால் ஒட்டுக்கடை நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத் தாளை அதில் போடக் கூடாது. உள்முகத்தில் பிளாஸ்டிக் பூச்சு, அதன்மேல் சம்பல் எண்ணெய் வேறு. கடை ரசீதும் அங்கே போகாது. அது சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள். அதனால்தான் உத்தரவாத ரசீதைக் காரின் முன்கண்ணாடி அருகே விட்டால் கறுத்துவிடுகிறது, பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால் வெளுத்துவிடுகிறது. வாங்கிய அன்றே நகல் எடுத்து ரசீதோடு பின் அடித்து வையுங்கள்.