ஸ்டீம் டேபிளில் இல்லாத திரவ நிலைக்கு எந்தால்பி காண்பது எப்படி?

நீராவி மின் நிலையத்தின் அடிப்படையான ராங்கின் சுழற்சியில் எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பம்பிலிருந்து தண்ணீர் 40 டிகிரி செல்சியஸில், 100 பார் அழுத்தத்தில் வெளிவருகிறது. அதன் எந்தால்பி (அக ஆற்றலோடு அழுத்தம் × கன அளவைக் கூட்டிய மதிப்பு) வேண்டும். கையிலுள்ள சின்ன ஸ்டீம் டேபிளில் (நீர், நீராவியின் பண்புகளைத் தரும் அட்டவணை) தெவிட்டிய நிலைக்கும் (கொதிநிலையில் இருப்பது) மிகைவெப்ப நீராவிக்கும் (கொதிநிலைக்கு மேல் சூடானது) மட்டுமே பக்கங்கள். பரவாயில்லை, அதுவே போதும்.

படி 1: திரவம்தானா என்று பாருங்கள். 40 டிகிரியில் தெவிட்டு அழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் நீர் கொதிக்கும் அழுத்தம், வெறும் 0.074 பார். நம்முடையது 100 பார். அப்படியானால் இது அமுக்கப்பட்ட திரவம்தான்.

படி 2: வெப்பநிலை அட்டவணையைத் திறங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். 100 பார் என்று பார்த்ததும் அழுத்த அட்டவணைக்குப் போனால், அங்கே கிடைப்பது 311 டிகிரியில் கொதிக்கும் நீரின் எந்தால்பி: சுமார் 1408 கிலோஜூல்/கிலோ. நம் தண்ணீரோ 40 டிகிரியில் இருக்கிறது! திரவத்தை அழுத்தினால் அது அதிகம் சுருங்காது; அதன் அக ஆற்றலைப் பெரும்பாலும் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது.

படி 3: 40 டிகிரி வரிசையில் தெவிட்டிய திரவத்தின் மதிப்புகளை எடுங்கள். கன அளவு 0.001008 கன மீட்டர்/கிலோ, அக ஆற்றல் 167.5 கிலோஜூல்/கிலோ. இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

படி 4: எந்தால்பிக்கு மட்டும் (தெவிட்டிய திரவத்துக்கு இங்கே அதுவும் 167.5தான்) அழுத்தத் திருத்தம் சேருங்கள். கன அளவை அழுத்த வேறுபாட்டால் பெருக்க வேண்டும், அழுத்தம் கிலோபாஸ்கலில்:

167.5 + 0.001008 × (10,000 − 7.4) = 177.6 கிலோஜூல்/கிலோ

அமுக்கப்பட்ட திரவத்துக்கும் பக்கங்கள் உள்ள முழு அட்டவணை தரும் மதிப்பு 176.4. பிழை 1 சதவீதம்கூட இல்லை.

அந்த மிச்சம் 1.2 எங்கிருந்து வருகிறது? சூடானால் தண்ணீர் கொஞ்சம் விரியும். அதை நாம் கணக்கில் எடுக்கவில்லை. 40 டிகிரியில் விரிவுக் கெழு கெல்வினுக்கு 0.000385. அதை 313 கெல்வினால் பெருக்கினால் 0.12. திருத்தத்தில் அந்தப் பங்கைக் கழித்தால் 10.07 என்பது 8.86 ஆகும், விடை சரியாக 176.4!

இதனால்தான் சூடான நீரில் படி 4-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. அதே 100 பாரில் 200 டிகிரி என்றால், தெவிட்டிய திரவத்தின் எந்தால்பி 852, திருத்தம் சேர்த்தால் 862, உண்மை மதிப்பு சுமார் 856. திருத்தாமல் விட்டிருந்தாலே நெருக்கமாக இருந்திருக்கும். 160 டிகிரி வரை திருத்தம் சேருங்கள். 180-ஐத் தாண்டினால் தெவிட்டிய மதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். மாறுநிலைப் புள்ளியான (திரவத்துக்கும் நீராவிக்கும் வேறுபாடு மறையும் நிலை) 374 டிகிரியை நெருங்கினால் இரண்டும் உதவாது, முழு அட்டவணையைத் தேடித்தான் ஆக வேண்டும்.