'வான் கதவு' அறிவித்தலை வாசிப்பது எப்படி?

மாரி தொடங்கியதும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செய்திகளில் ஓயாமல் அடிபடும் சொல் 'வான்'. வெளியூரிலிருந்து வாசிப்பவர் இதில் குழம்புவது இயல்பே. ஏனெனில் ஒரே எழுத்து வடிவத்தில் மூன்று வேறு சொற்கள் அடங்கியிருக்கின்றன.

முதலில் அதையடுத்து வரும் வினையைப் பாருங்கள். வான் இருண்டால் அது பழந்தமிழ்ச் சொல். வானத்தையும் மழையையும் சேர்த்தே குறிக்கும் அச்சொல்லால்தான் திருக்குறளின் மழை அதிகாரம் 'வான் சிறப்பு' எனப்பட்டது. வான் வீதியில் ஓடினால் அது வாகனம். பாரசீகத்தின் 'கார்வான்' ஐரோப்பிய மொழிகளில் 'காரவான்' ஆகி, ஆங்கிலத்தில் முன்பாதி உதிர்ந்து நம்மிடம் வந்தது. வான் பாய்ந்தால் அது குளத்தின் மேலதிக நீர் வெளியேறும் வழி. தமிழ்நாட்டில் கலிங்கு என்றும் மறுகால் என்றும் சொல்வது இதனையே. சிங்களத்திலும் இதற்கு 'வான்' என்ற சொல்லே வழங்குகிறது. ஆகவே, மழையைக் குறிக்கும் வானிலிருந்தே இது பிறந்தது என்று ஓசை ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்ததாக, வான் பாய்கிறதா, வான் கதவு திறக்கப்பட்டதா என்று பிரித்தறிய வேண்டும். உயிரும் உடைமையும் தங்கியிருப்பது இந்த வேறுபாட்டில்தான். 'குளம் வான் பாய்கிறது' என்றால் நிரம்பிய குளத்தின் நீர் தானாக வழிகிறது. 'வான் கதவு திறக்கப்பட்டது' என்றால் அந்த வழியை அடைத்திருக்கும் கதவை உயர்த்திப் பொறுப்பான அதிகாரிகள் முடிவெடுத்து நீரை விடுகிறார்கள். வரவிருக்கும் மழைநீருக்கு இடம் வைப்பதற்காகக் குளம் நிரம்புவதற்கு முன்பே இது நடக்கலாம். அதனால் உங்கள் ஊரில் மழை விட்டிருக்கும் நாளிலும் வயலுக்குள் வெள்ளம் ஏறக்கூடும். துருசு, அதாவது குளத்தின் மடை, திறப்பது வேறு. அது வாய்க்கால் வழியாக வேளாண்மைக்கு விடும் நீர். 'மதகு' என்று வந்தால், குளத்து மதகா, வீதிக்குக் குறுக்கே நீர் போகக் கட்டிய மதகா என்று பாருங்கள்.

'அடி' என்ற அளவையும் கவனியுங்கள். 'கதவு ஓர் அடி திறக்கப்பட்டது' என்பது கதவு உயர்ந்த அளவே தவிர, உங்கள் வளவில் ஏறப்போகும் நீரின் உயரமன்று. ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 43,560 கன அடி. இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி.

இறுதியாகக் குளத்தின் பெயரைப் பாருங்கள். உன்னிச்சை என்றால் வவுணதீவுப் பக்கத்தவரும், நவகிரி என்றால் வெல்லாவெளிப் பக்கத்தவரும் வீதி நிலைமையை விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும்.