ஆயாவின் வயதும் எம்டன் குண்டும்: வாழ்நாளை வரலாற்றோடு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, சென்னை ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். "எம்டன் குண்டு போட்டபோது எனக்கு 6 வயது" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது 1914 செப்டம்பர் 22 இரவு. ஆறைக் கழித்து, பிறந்த ஆண்டு 1908 என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஆனால் என் கடைசி மாமா பிறந்தது 1966இல். 58 வயதில் பிள்ளைப்பேறா?

மறுபடி போய் உட்கார்ந்தேன். "கப்பலைப் பார்த்தாயா, ஆயா?"

"கப்பல் ஏது? தலைக்கு மேலே சத்தம் வந்தது. அம்மா என்னை அரிசிப் பானைப் பக்கம் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்."

அது 1943 அக்டோபர் இரவு, ஜப்பானிய விமானம் துறைமுகப் பக்கம் குண்டு போட்டபோது நடந்தது. 1914இன் பீதி 'எம்டன்' என்ற சொல்லாகவே இங்கே தங்கிவிட்டதால், அடுத்து விழுந்த குண்டுக்கும் எங்கள் வீட்டில் அதே பெயர். ஆயா பிறந்தது 1937. குண்டு விழுந்ததற்கு முந்தைய ஆண்டு ஊரைக் காலி செய்து போனதும் அவருக்கு நினைவிருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் படை வருமென்ற அச்சத்தில் மக்கள் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். ஆகவே பெயரைக் கேட்டவுடன் ஆண்டை எழுதாதீர்கள். கடலிலிருந்தா, வானத்திலிருந்தா, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு தவறு, இரண்டு தலைமுறையை ஒன்றாக்குவது. "அப்பா பெரம்பூர் பி அண்டு சி மில் ஸ்டிரைக்கில் இருந்தார்" என்பார் ஆயா. அந்தப் பெரிய வேலைநிறுத்தம் 1921இல். அவருடைய அப்பாவுக்கு அப்போது 9 வயது. வேலைநிறுத்தத்தில் நின்றது ஆயாவின் தாத்தா, மகன் அதே மில்லில் பிறகு சேர்ந்ததால் கதையும் அவர் பெயருக்கு வந்துவிட்டது.

ஜாதகத்தில் 'ஆனந்த வருடம்' என்றிருந்தால் 1914ஆகவும் இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம்; 60 ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்பும். மாதம் தை என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். நாலணா கொடுத்து வாங்கியதாகச் சொன்னால் 1957க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள்: நயா பைசா வந்த பிறகும் 25 காசு நாலணாவாகவே வழங்கியது. பள்ளிச் சான்றிதழ் தேதியை மட்டும் நம்பவே வேண்டாம். சேர்க்கும் நாளில் வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும்.

நான் மிகவும் வருந்தும் தவறு, பெரிய நாளை அவர்கள் மேல் ஏற்றியது. நோட்டில் போட்ட அட்டவணையில் 1947 ஆகஸ்டுக்கு நேராகக் கொடியேற்றம், மிட்டாய் என்று நானே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது ஆயா தலையசைத்து மறுத்தார். "அந்த மாதம்தான் தம்பி காய்ச்சலில் போய்விட்டான்."

எழுதியதை அடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் இப்போது தம்பி மட்டும் இருக்கிறான்.