பால்மரக் காட்டில் கிழங்குப் பூக்களைப் பரப்பும் முறை

ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில், மரங்கள் தளிர்விடுவதற்கு முன் தரையில் விழும் சில வார வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பூக்கும் ஸ்னோடிராப் செடி, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் வளராது. அதன் கிழங்குக்கு ஆண்டுதோறும் நீண்ட குளிர்காலம் தேவை. கேமரன் மலையின் குளிர்கூட அதற்குப் போதாது. ஆனால் அதே அமரில்லிஸ் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டலக் கிழங்குச் செடிகள் பல நம் மண்ணுக்கு ஒத்துவரும். ஸ்னோடிராப்பைக் காட்டில் பரப்புவோர் கையாளும் முறையை, சில மாற்றங்களுடன், பால்மரத்தடியில், அதாவது ரப்பர் மரத்தடியில், கையாளலாம்.

இதற்கு ஏற்ற இடம் முதிர்ந்த பால்மரக் காடுதான். நம் பகுதியில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்துப் பின் தளிர்ப்பதால், ஆண்டில் ஒருமுறையாவது தரைக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. உதிர்ந்த இலையும் மட்கி உரமாகிறது. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டில் முயல்வது வீண்: அங்கே நிழல் எப்போதும் மூடியே இருக்கும், போதாக்குறைக்கு வெட்டிய மட்டைகளின் குவியல் வேறு. தோட்டத்து நிலமாயின் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுவதோடு, பால்மரங்களின் மறுநடவு எப்போது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். களைக்கு மருந்தடிப்பவர்கள் விலகிச் செல்லும்படி நட்ட இடத்தைச் சுற்றிக் குச்சிகளை ஊன்றுவது மிக அவசியம். இலையில் பட்ட களைக்கொல்லி கிழங்குவரை இறங்கிவிடும்.

ஒரே இனத்தை நடுவதைவிட நிழலின் அளவு பார்த்துப் பல இனங்களைக் கலப்பது நல்லது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த யூக்காரிஸ், தலைகவிழ்ந்த வெண்ணிறப் பூவாலும் நறுமணத்தாலும் என் முதல் தேர்வு; அது நல்ல நிழலைத் தாங்கும், நெருக்கமாக வளர்ந்தால்தான் நிறையப் பூக்கும், ஆகவே அதை அடிக்கடி கிளறக் கூடாது. அகன்ற இலையுடைய புரோயிஃபிஸ் தென்கிழக்காசியாவிலும் இயற்கையாக வளர்வது என்பதால் நம் மழைக்குப் பழகியது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்கேடாக்சஸ், சிவப்புப் பந்து போன்ற பூங்கொத்தைத் தந்தாலும், ஓய்வுக் காலத்தில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும். அதை மேட்டில் மட்டுமே நட வேண்டும். காட்டின் ஓரத்திலும் பாதையோரத்திலும், பாதி வெயில் படும் இடத்தில், மழை லில்லியின் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் வகைகளை நடலாம். வறண்ட நாள்களுக்குப் பின் கனமழை பெய்தால் சில நாள்களிலேயே அவை பூத்துவிடும்.

நம் செம்மண் களிப்பானது. நீர் வடிய வேண்டும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, இலைமட்கும் சிறிது மணலும் கலந்து, சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். மரத்தின் பக்கவேர்களை வெட்டாமல், அடிமரத்திலிருந்து விலகியே கொத்துங்கள். யூக்காரிஸ், புரோயிஃபிஸ், ஸ்கேடாக்சஸ் ஆகியவற்றின் கிழங்குக் கழுத்து மண்மட்டத்தில் தெரியும்படியும், மழை லில்லியை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலும் நட வேண்டும். நிரை பிடித்து நட்டே பழகிய நமக்கு ஒழுங்கற்று நடுவது கடினம்தான். ஆகவே கிழங்குகளைக் கைநிறைய அள்ளி வீசி, விழுந்த இடத்திலேயே நட்டுவிடுவது எளிய வழி.

பரப்புவதன் நுட்பம் பிரிப்பதில் இருக்கிறது. ஸ்னோடிராப் வளர்ப்போர், பூ உதிர்ந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தைத் தோண்டிப் பிரித்து உடனே மறுநடவு செய்வார்கள், ஏனெனில் காய்ந்த கிழங்கு எளிதில் பிழைப்பதில்லை. மழை லில்லிக்கும் யூக்காரிஸுக்கும் இதையே செய்யலாம். வேர் உலரவிடாமல், மூன்று நான்கு கிழங்குகள் சேர்ந்த சிறு கொத்துகளாக, மேகமூட்டமான மாலையில் நட வேண்டும். ஸ்கேடாக்சஸை மட்டும் இலை வாடிய ஓய்வுக் காலத்தில் பிரிக்க வேண்டும். எந்தச் செடியாயினும் பச்சை இலையைப் பாராங் கத்தியால் வெட்டக் கூடாது, அடுத்த பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது.

மழை லில்லியின் காய் வெடித்ததும் விழும் தட்டையான கரிய விதைகளை உடனே மட்கில் தூவினால் விரைவில் முளைக்கும். ஸ்கேடாக்சஸின் சிவப்புப் பழங்களின் சதையைக் கழுவி நீக்கிய பிறகே விதைக்க வேண்டும்.

இக்கிழங்குகள் அனைத்தும் நஞ்சுடையவை. மழை லில்லிக் கிழங்கு பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருப்பதால், பிரித்தவற்றைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. வனக் காப்பகத்தின் எல்லையருகே அயல்நாட்டு இனங்களை நடாதீர்கள். இலைகளைக் கூட்டமாக அரிக்கும் லில்லிப் புழுக்களையும், மழை இரவுகளில் வரும் ஆப்பிரிக்க நத்தைகளையும் காலையிலேயே கையுறை அணிந்து பொறுக்கிவிட்டால், பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.