ஊட்டி, குன்னூர் பக்கம் முதல் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு

10 மீட்டர் இலக்குப் பயிற்சிக்கு 4.5 மி.மீ. குழல்தான் வேண்டும். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாத 0.177 அங்குல (அதாவது 4.5 மி.மீ.) ரகத்துக்கு, 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆற்றல், குழல் அளவு இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

முதல் துப்பாக்கிக்கு, குழலை மடக்கி இயக்கும் ஸ்பிரிங் ரகமே நல்லது. காற்று அடைத்துச் சுடும் பிசிபி துல்லியமானதுதான். ஆனால் மலை மூடுபனியில் கைப்பம்பு ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். ஈரவடிகட்டி இல்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும்.

கடையிலேயே குழலை மடக்கி மூடி, அது மடங்கும் இணைப்பைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். குண்டுகள் ஓரிடத்தில் விழாது. தோளில் பதியும் பின்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையை எட்ட வேண்டும். குட்டையான கைக்கு நீளக் கட்டை தோள்பட்டையைக் கெடுத்துவிடும்.

குண்டு தட்டை முனையாக இருக்கட்டும். தாளில் வட்டமாக ஓட்டை விழும், புள்ளி எண்ணச் சுலபம். குண்டில்லாமல் சுடாதீர்கள்: பிஸ்டன் மோதி சீல் கிழியும். குழல் வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய் போதும். காற்றறைக்குள் எண்ணெய் போனால் அழுத்தச் சூட்டில் தீப்பிடித்து ஸ்பிரிங்கையே உடைக்கும். அடிக்கடி கட்டைத் திருகாணிகளை முடுக்குங்கள். குறி திடீரென விலகினால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

காட்டுக்கோழி, குரங்கு மீது குறி வைக்கவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை.